இடுப்பில் வைத்த நரம்புத் தூண்டி: பேட்டரி தீர்ந்ததா, எதை மாற்றுவது, யார் பணம் கொடுப்பது?

கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பணி ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். வயது 64. சர்க்கரை நோய் உண்டு. அடக்க முடியாத அவசரத்துடன் சிறுநீர் வந்துவிடும் தொல்லைக்கு மாத்திரைகள் பலிக்காததால், ஐந்து ஆண்டுகளுக்கு முன் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நரம்புத் தூண்டி பொருத்திக்கொண்டார். தோலுக்கடியில் வைக்கும் ஒரு சிறு பெட்டி அது; அதிலிருந்து போகும் ஒயர் சிறுநீர்ப்பைக்கான நரம்புக்கு லேசான மின்துடிப்பு கொடுக்கும். கருவி அட்டையில் ‘இன்டர்ஸ்டிம் 2’ என்றிருக்கிறது. அதன்பின் பேட் வைக்காமலே கல்யாணம் காட்சிக்குப் போக முடிந்தது. கடந்த இரண்டு மாதமாகப் பழைய தொல்லை திரும்பிவிட்டது. ரிமோட்டிலும் பேட்டரிப் படம் ஒன்று மின்னுகிறது. மருத்துவமனையைத் தொலைபேசியில் கேட்டதற்கு, கருவி, ஒயர் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், ஏழு லட்சம் ஆகும் என்று ஒற்றை வரியில் எஸ்டிமேட் அனுப்பினார்கள். ஓய்வூதியர் மருத்துவக் காப்பீட்டில் வருடத்துக்கு ஐந்து லட்சம் கிடைக்கும், மீதிக்கு நகையை அடகு வைக்கலாம் என்பது அவர் கணக்கு. மகன் இரண்டு ஆண்டுகளுக்கு முன் எடுத்த தனியார் பாலிசியில் கிளெய்ம் செய்யலாம், பழைய ஆபரேஷனைச் சொல்ல வேண்டாம் என்கிறாராம் ஏஜென்ட். இடுப்பு வலிக்கு முதுகுத்தண்டு எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லியிருக்கிறார் எலும்பு மருத்துவர். மூட்டு வலிக்கு ‘கரண்ட்’ வைக்கிறார்கள். தீர்ந்த பேட்டரி உடம்புக்குள் கசிந்துவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. இரவில் நான்கு முறை எழ வேண்டியிருக்கிறதாம்; இரவில் கருவியை அணைத்து பேட்டரியை மிச்சம் பிடிக்கலாமா என்றும் கேட்கிறார். சார்ஜ் செய்யும் கருவி வைத்தால் ஆயுசுக்கும் ஆபரேஷன் இல்லை என்று யாரோ சொன்னார்களாம். ஸ்டென்ட் வைத்துக்கொண்ட கணவரோ, ‘இருந்துவிட்டுப் போகட்டும்’ என்கிறாராம். கடிதம் இவ்வளவுதான்.

அம்மா, கடைசிப் பயத்தை முதலில் எடுத்துவிடுகிறேன். இது பேஸ்மேக்கர் அல்ல. பேட்டரி தீர்ந்தால் தூண்டல் நின்றுபோகும், தொல்லை திரும்பும், அவ்வளவுதான். பேட்டரியும் மின்சுற்றும் டைட்டானியம் உறைக்குள் காற்றுப் புகாமல் மூடப்பட்டவை. தீர்ந்த கருவி மாதக்கணக்கில் உள்ளேயே இருந்தாலும் உயிருக்கு ஆபத்து இல்லை. எனவே இது அவசர ஆபரேஷன் இல்லை. நகையைப் பெட்டியிலேயே வைத்திருங்கள்.

ஆனால் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னை நிறுத்தியது.

மூட்டுக்கு வைக்கும் ‘கரண்ட்’டை இன்றே நிறுத்துங்கள்

நம் ஊரில் ‘கரண்ட் வைப்பது’ என்ற ஒரே சொல்லில் பல சிகிச்சைகள் அடங்கிவிடுகின்றன. அதில் ஷார்ட்வேவ் டயதெர்மி, மைக்ரோவேவ் டயதெர்மி (இரண்டும் அலைகளால் உள்ளே சூடேற்றுபவை), வலிக்குத் தேய்க்கும் அல்ட்ராசவுண்ட் ஆகிய மூன்றும் உங்களுக்குக் கூடவே கூடாது. கருவி ஆனில் இருந்தாலும் ஆஃபில் இருந்தாலும், முழங்காலில் வைத்தாலும் தோளில் வைத்தாலும் கூடாது. அந்த ஆற்றல் லீடு எனப்படும் ஒயர் வழியாகப் பரவி, நரம்பை ஒட்டியிருக்கும் முனைகளைச் சூடாக்கும். தசையும் நரம்பும் வெந்துபோகலாம், கருவியும் பழுதாகலாம். ஸ்கேன் சென்டரில் வயிற்றைப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் வேறு; அதற்குத் தடையில்லை. ஐஎஃப்டி, டென்ஸ் போன்ற மின்தூண்டல்களையும் உங்கள் யூராலஜிஸ்ட்டை (சிறுநீரியல் மருத்துவரை) கேட்காமல் எடுக்க வேண்டாம்.

எந்த இயந்திரத்தை வைத்தார்கள், எந்தத் தேதியில் தொடங்கினார்கள் என்று அந்த ஃபிசியோதெரபி மையத்தில் எழுதி வாங்குங்கள். சிறுநீர்த் தொல்லை திரும்பியதும் இந்தச் சிகிச்சை தொடங்கியதும் ஏறக்குறைய ஒரே காலம் என்றால், ‘ஐந்து வருடம் ஆயிற்று, பேட்டரி தீர்ந்திருக்கும்’ என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவு கட்ட முடியாது.

இன்னொன்று. இடுப்பு வலியோடு காலில் பலம் குறைந்தாலோ, உட்காரும் இடத்தில் மரத்துப்போனாலோ, மலம் கழிவது தெரியாமல் போனாலோ கருவியை மறந்துவிட்டு அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். அது முதுகுத்தண்டின் அடிநரம்புகள் அழுந்துவதன் அறிகுறி; அங்கே நாள் கடத்தக் கூடாது.

பேட்டரிதானா?

உங்கள் வகைக் கருவி சார்ஜ் செய்ய முடியாதது. பொதுவாக மூன்று முதல் ஐந்து ஆண்டு வரும். சிலருக்குக் கூடுதலாகவும் வரும். ஆயுளைத் தீர்மானிப்பது நாட்காட்டி அல்ல, செட்டிங். வழக்கமாக விநாடிக்கு 14 துடிப்பு, ஒவ்வொன்றும் 210 மைக்ரோ விநாடி என்று வைப்பார்கள். இதில் உங்கள் கையில் இருப்பது மின்னழுத்தம் மட்டும். அதை இரண்டு மடங்காக்கினால் பேட்டரி செலவு இரண்டு மடங்கோடு நிற்காது, அதையும் தாண்டிப் போகும். சிகிச்சைக்குத் தேவை லேசான துடிப்புணர்வு, சிலருக்கு அதுகூட இல்லாத அளவு. ‘நன்றாகத் தெரிந்தால்தான் வேலை செய்யும்’ என்று ஏற்றி ஏற்றி வைத்தவர்களுக்கு மூன்றாம் ஆண்டே தீர்ந்துவிடுவது இதனால்தான்.

இரவில் அணைத்து வைத்து மிச்சம் பிடிக்கலாமா என்று கேட்கிறீர்கள். உங்களுக்கு இரவில்தான் நான்கு முறை எழும் தொல்லை. அப்போது அணைப்பது பிரயோஜனமில்லை. மிச்சம் பிடிக்க வேறு வழி உண்டு: 16 விநாடி ஓடி 8 விநாடி ஓய்வெடுக்கும்படி மருத்துவர் அமைத்துத் தரலாம். லீடில் நான்கு முனைகள் இருக்கின்றன. வேறு ஜோடிக்கு மாற்றினால் குறைந்த மின்னழுத்தத்திலேயே பலன் கிடைப்பதும் உண்டு.

இப்போது ரிமோட்டில் மின்னும் படம். கருவியின் பேட்டரியும் ரிமோட்டின் பேட்டரியும் வேறு வேறு. பழைய ரிமோட்டுக்குக் கடையில் விற்கும் சின்ன பென்சில் செல் போடுவார்கள். புதிய வகையில் கைபேசி போன்ற ஒன்றும், உடம்பின் மேல் வைத்துப் பிடிக்கும் சிறு துணைக் கருவியும் இருக்கும், இரண்டையும் தனித்தனியே சார்ஜ் போட வேண்டும். உங்களுடையது எதுவோ, அதற்குப் புது செல் போட்டோ முழுதாக சார்ஜ் ஏற்றியோ மறுபடி பாருங்கள். படம் மறைந்துவிட்டால் மின்னியது ரிமோட்டின் குறை. பிறகு கருவி ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். துணிக்கடை வாசலில் நிற்கும் திருட்டுத் தடுப்புக் கதவுகள்கூடச் சில சமயம் இதை அணைத்துவிடும். ஆனில் இருந்தால் ஒவ்வொரு படியாக மெல்ல ஏற்றுங்கள். வழக்கமாக ஆசனவாய்ப் பக்கம் தெரியும் துடிப்பு இப்போது காலிலோ பிட்டத்திலோ தெரிந்தால் லீடு நகர்ந்திருக்கலாம். எதுவுமே தெரியவில்லை என்றால் பேட்டரி தீர்ந்திருக்கலாம், அல்லது லீடு அறுந்திருக்கலாம். சுரீரென்று குத்தினால் உடனே இறக்கிவிடுங்கள்.

கருவிமேல் பழி போடுமுன் மூன்று பரிசோதனை: சிறுநீர் ரொட்டீன், யூரின் கல்ச்சர், ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை). கிருமித்தொற்று ஒன்றே இத்தனை அவசரத்தையும் உண்டாக்கும். அண்மையில் டாபாகிளிஃப்ளோசின் போன்ற புதுச் சர்க்கரை மாத்திரை தொடங்கியிருந்தாலும் சிறுநீர் கூடும். அது சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் மருந்து. மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம், தொடங்கிய தேதியை மட்டும் குறித்துக்கொண்டு சொல்லுங்கள். மலச்சிக்கலும் ஒரு காரணம். டிகிரி காபி எத்தனை டம்ளர் என்றும் கேட்டாக வேண்டும், கும்பகோணத்துக்காரரிடம் கேட்பது வம்புதான் என்றாலும்.

இவையெல்லாம் சரியாக இருந்தால் அடுத்தது கருவியைப் ‘படிப்பது’. மருத்துவரிடம் உள்ள புரோகிராமர் என்ற கருவியைத் தோலின்மேல் வைத்தால் பேட்டரி நிலை, நான்கு முனைகளின் மின்தடை, செட்டிங் எல்லாம் திரையில் வந்துவிடும். கால் மணி நேர வேலை; கத்தியும் இல்லை, அட்மிஷனும் இல்லை. மின்தடை 4,000 ஓமுக்கு மேல் போனால் எங்கோ அறுந்திருக்கிறது என்றும், 50 ஓமுக்குக் கீழே இறங்கினால் ஷார்ட் என்றும் பொருள். கூடவே இடுப்பெலும்புக்கு நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என இரண்டு எக்ஸ்ரே எடுத்து, ஆபரேஷன் அன்று எடுத்த படத்தோடு ஒப்பிட்டால் லீடு நகர்ந்ததா என்பது தெரியும். தொலைபேசியில் இதில் எதையும் பார்த்திருக்க முடியாது. ஆகவே அந்த ஏழு லட்ச எஸ்டிமேட் கருவியைப் பார்க்காமலே போட்டது.

லீடையும் மாற்றச் சொல்வது எப்போது நியாயம்?

மின்தடை ஒழுங்காக இருந்து, லீடு இடத்தில் இருந்து, பேட்டரி மட்டும் தீர்ந்திருந்தால் பெட்டியை மட்டும் மாற்றினால் போதும். பழைய தழும்பிலேயே திறந்து, சின்னத் திருப்புளியால் திருகைத் தளர்த்தி லீடை உருவி, அதன் நுனியை ஈரம் போகத் துடைத்து, புதுப் பெட்டியில் செருகி முறுக்குவார்கள். அந்த ஈரம் தங்கினால் மின்தடை தப்பாகக் காட்டும். அதனால் மூடுமுன் அதையும் அளந்து பார்ப்பார்கள். அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்து முக்கால் மணிக்குள் முடியும். பெரும்பாலும் அன்றே வீடு.

லீடை மாற்றுவது இதைப் போல இல்லை. முதல் ஆபரேஷனே திரும்ப நடக்கிற மாதிரி. குப்புறப் படுக்க வைத்து, சி-ஆர்ம் எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே முதுகுத்தண்டின் அடியில் உள்ள திருவெலும்பின் மூன்றாம் துளையில் ஊசியைச் செலுத்தி, ஆசனவாய்த் தசை சுருங்குகிறதா, கால் கட்டைவிரல் மடங்குகிறதா என்று பார்த்துப் பொருத்த வேண்டும். பழைய லீடில் தசையைப் பற்றிக்கொள்ளும் சிறு முட்கள் உண்டு. இழுக்கும்போது அறுந்து துண்டு உள்ளே தங்கிவிடுவதும் நடக்கும். பிறகு ஆறு வாரம் போலக் குனிந்து கோலம் போடுவது, குடம் தூக்குவது, சம்மணமிட்டு எழுவது எல்லாவற்றையும் ஒதுக்க வேண்டும்.

இவ்வளவு இருந்தும் உங்களுக்கு லீடு மாற்றம் தேவைப்படவும் கூடும். காரணம் அந்த எம்ஆர்ஐ. உங்கள் தலைமுறைக் கருவியோடும் லீடோடும் 1.5 டெஸ்லா காந்த வலுவுள்ள இயந்திரத்தில் தலைக்கு மட்டுமே, அதுவும் தலைக்கான தனிச் சுருளை வைத்து, எம்ஆர்ஐ எடுக்கலாம். முதுகுத்தண்டுக்குக் கூடாது. பெட்டியை மட்டும் புதிதாக்கினாலும் பழைய லீடு இருக்கும்வரை இந்தத் தடை போகாது. 2020-க்குப் பின் வந்த லீடும் கருவியும் சேர்ந்திருந்தால் நிபந்தனைகளோடு உடல் முழுவதற்கும் எடுக்கலாம். புதிய மாடல் சிலவற்றில் பழைய லீடு பொருந்தாமலும் போகலாம். மருத்துவமனை இதை மனதில் வைத்துச் சொன்னார்களா, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்களா என்பதை நீங்கள் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். எலும்பு மருத்துவரிடமும் ஒன்று கேளுங்கள்: சி.டி. ஸ்கேன் போதுமா? போதும் என்றால் லீடு மாற்றத்துக்கான பாதிக் காரணம் அங்கேயே விழுந்துவிடும்.

சார்ஜ் செய்வதா, செய்யாததா?

சார்ஜ் செய்யும் கருவி வைத்தால் ‘ஆயுசுக்கும் ஆபரேஷன் இல்லை’ என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது 15 ஆண்டு என்ற கணக்கு. அமெரிக்காவில் ஆக்ஸானிக்ஸ் நிறுவனத்தின் கருவி 2019-லும், மெட்ரானிக் நிறுவனத்தின் இன்டர்ஸ்டிம் மைக்ரோ 2020-லும் இந்த வகையில் அனுமதி பெற்றன. பெட்டி சிறியது, ஒல்லியானவர்களுக்கு உட்காரும்போது உறுத்தாது. மாடலையும் செட்டிங்கையும் பொறுத்து வாரம் ஒருமுறை அரைமணி, அல்லது மாதம் ஒருமுறை ஒரு மணி நேரம் பெல்ட் கட்டிக்கொண்டு சார்ஜ் ஏற்ற வேண்டும். 2022-ல் சார்ஜே வேண்டாத, பத்து ஆண்டும் அதற்கு மேலும் வரும் கருவிகள் இரு நிறுவனங்களிலிருந்தும் வந்துவிட்டன.

டெல்டாவில் இருப்பவருக்கு இதில் ஒரு கூடுதல் யோசனை உண்டு. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது வேதாரண்யம் பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அப்போது சார்ஜ் தீர்ந்தால் கருவி கெட்டுப்போகாது, ஆனால் மின்சாரம் வரும்வரை சிகிச்சை இல்லை. விரல்நடுக்கமோ மறதியோ உள்ளவருக்கும் சார்ஜ் வகை ஒத்துவராது. உங்கள் வயதில், கிடைக்குமானால், சார்ஜ் வேண்டாத நீண்டகாலக் கருவிதான் என் தேர்வு. அந்த மருத்துவமனை எந்த மாடலை வரவழைத்துத் தரும் என்பதை எழுத்தில் கேளுங்கள்.

செலவையும் வருடத்துக்கு எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். நீங்கள் எழுதிய ஏழு லட்சத்தையே வைத்துக்கொண்டால், ஐந்து ஆண்டு வரும் கருவிக்கு வருடம் 1,40,000. பத்து ஆண்டு வந்தால் 70,000. ஐந்தாண்டுக் கருவியென்றால் 69-லும் 74-லும் மறுபடி மேஜையில் படுக்க வேண்டும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தொற்று அபாயம் உண்டு. சர்க்கரை உள்ளவருக்குச் சற்று அதிகம். தொற்று பிடித்தால் பெரும்பாலும் பெட்டி, லீடு இரண்டையும் எடுத்துவிட்டு, சில மாதம் காத்திருந்து மறுபடி வைக்க நேரும். போட்ட பணம் போனது போனதுதான். ஹெச்பிஏ1சி எட்டுக்குள் வராமல் தேதி குறிக்க ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பணமும் காப்பீடும்

உங்கள் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. 2022 ஜூலை முதல் 2026 ஜூன் வரைக்கான, மாதம் 497 ரூபாய் பிடித்தம் செய்த ஓய்வூதியர் திட்டத்தில் ஐந்து லட்சம் என்பது வருடத்துக்கு அல்ல. நான்காண்டுக் காலம் முழுவதற்கும், உங்களுக்கும் கணவருக்கும் சேர்த்து. கணவருக்கு ஸ்டென்ட் வைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தொகை இந்தக் காலத்தில் கழிந்திருந்தால் மீதிதான் உங்களுக்கு. முதலில் அந்த இருப்பைக் கேளுங்கள், பிறகு அந்த மருத்துவமனை திட்டத்தின் பட்டியலில் உள்ளதா, இந்தச் சிகிச்சைக்கு அங்கீகாரம் உண்டா என்று அட்மிஷனுக்கு முன்பே கேளுங்கள். மறுத்தால் வாய்மொழியாக விடாதீர்கள், எழுதி வாங்குங்கள்.

முன்அனுமதிக் கடிதத்தின் வாசகம் முக்கியம். ‘நவீன மாடலுக்கு மேம்படுத்துதல்’ என்று எழுதினால் நிராகரிக்கக் காரணத்தை நாமே எடுத்துக் கொடுத்தது போலாகும். பேட்டரி தீர்ந்தது உண்மையானால் ‘கருவியின் ஆயுள் முடிந்ததால் மாற்று’ என்று மருத்துவர் எழுத வேண்டும். முதல் ஆபரேஷனின் டிஸ்சார்ஜ் சம்மரி, கருவி அட்டை, புரோகிராமர் அறிக்கை, சிறுநீர் நாட்குறிப்பு ஆகியவற்றையும் இணைக்க வேண்டும். எம்ஆர்ஐக்காக லீடு மாற்றுவதானால், ஸ்கேன் கேட்ட எலும்பு மருத்துவரின் சீட்டும் உடன் போகட்டும்.

மகனின் பாலிசி விஷயத்தில் ஏஜென்ட் சொல்வதைக் கேட்காதீர்கள். ஏற்கெனவே இருந்த நோய்க்குக் காத்திருப்புக் காலம் 2024 முதல் அதிகபட்சம் 36 மாதம். பாலிசிக்கு இரண்டு ஆண்டுதான் ஆகிறது. உடம்புக்குள் இருக்கும் கருவியை எக்ஸ்ரே காட்டிக்கொடுத்துவிடும். மறைத்தது தெரிந்தால் இந்த கிளெய்மோடு பாலிசியும் போகலாம். விண்ணப்பத்தில் இதைச் சொல்லியிருந்தார்களா என்று இப்போதே நகலை எடுத்துப் பாருங்கள். சொல்லியிருந்தால், அவசரமில்லாத இந்த ஆபரேஷனைக் காத்திருப்புக் காலம் முடியும்வரை தள்ளிப்போடுவதும் ஒரு வழிதான். மூளைக்கு வைக்கும் தூண்டி காப்பீட்டு ஆணையத்தின் நவீன சிகிச்சைப் பட்டியலில் இருக்கிறது. சிறுநீர்ப்பைக்கு வைக்கும் இது அதில் பெயர் சொல்லி இல்லை. அதனால் பாலிசி வாசகத்தில் ‘இம்பிளான்ட்’ பற்றி என்ன இருக்கிறது என்று வரிவரியாகப் படியுங்கள். அறை வாடகை வரம்பைத் தாண்டியதற்காக முழு பில்லிலும் விகிதாசாரமாகக் கழிக்கப் பார்ப்பார்கள். ஆனால் கருவி, மருந்து, பரிசோதனைச் செலவில் அப்படிக் கழிக்கக் கூடாது என்பது ஆணையத்தின் விதி. உங்கள் பில்லில் பெரும்பங்கு கருவிதான், ஆகவே இந்த விதி லட்சக்கணக்கில் பேசும். மறுத்தால் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார். 30 நாளில் தீராவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) கட்டணமின்றி, வக்கீல் இல்லாமல் முறையிடலாம். நிறுவனத்தின் இறுதி மறுப்பிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும்.

மருத்துவமனையிடம் ஏழு லட்சத்தைப் பிரித்துக் கேளுங்கள்: பெட்டி, லீடு, ரிமோட், சி-ஆர்ம், தியேட்டர், மயக்க மருந்து, மருத்துவர் கட்டணம், அறை. ‘பெட்டி மட்டும்’ என்றால் எவ்வளவு என்று இன்னொரு எஸ்டிமேட்டும் கேளுங்கள். பழைய ரிமோட்டே புதுப் பெட்டிக்கு வேலை செய்யுமா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. ஸ்டென்ட்டுக்கும் செயற்கை முழங்கால் மூட்டுக்கும் 2017-ல் அரசு உச்ச விலை வைத்தது. இதற்கு அப்படி வைக்கவில்லை. ஆனால் கருவி வரும் அட்டைப்பெட்டியில் எம்ஆர்பி அச்சிட்டிருக்கும், அதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்கக் கூடாது. சீரியல் எண் ஸ்டிக்கர் ஒன்று பில்லோடு, ஒன்று உங்கள் கருவி அட்டையில் ஒட்டப்பட வேண்டும்.

மாற்றாமல் விட்டால்?

உங்கள் கணவர் சொல்வது போல ‘இருந்துவிட்டுப் போகட்டும்’ என்றும் விடலாம். தீர்ந்த கருவி உள்ளே இருந்தாலும் எம்ஆர்ஐ, டயதெர்மி தடைகள் தொடரும். அதை மட்டும் மறக்கக் கூடாது. மாற்றாக, சிறுநீர்ப்பைக்குள் 100 யூனிட் போட்டாக்ஸ் ஊசி போடலாம். ஒருமுறைச் செலவு இதைவிட மிகக் குறைவு, ஆனால் பலன் ஆறு முதல் ஒன்பது மாதம்தான். சிலருக்கு சிறுநீர் அடைபட்டு, தானே டியூப் போட்டு எடுக்கும் நிலை தற்காலிகமாக வரும். அதற்கு மனம் தயாராக இருந்தால்தான் போட வேண்டும். கணுக்கால் நரம்பில் மெல்லிய ஊசி வழியே வாரம் ஒருமுறை அரைமணி, 12 வாரம் கொடுக்கும் தூண்டலும் உண்டு. பிறகு மாதம் ஒருமுறை தொடர வேண்டும். முன்பு பயன்படாத சாலிஃபெனாசின் போன்ற மாத்திரைகளுக்குப் பதில் மிராபெக்ரான் மாத்திரை முயன்றீர்களா என்பது கடிதத்தில் இல்லை. ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருந்தால் அதையும் கேட்டுப் பார்க்கலாம். இருமும்போதும் தும்மும்போதும் மட்டும் கசிவது வேறு நோய். அதற்கு இந்தக் கருவியும் உதவாது, போட்டாக்ஸும் உதவாது.

இதற்கெல்லாம் நேரே சென்னைக்கு ரயிலேற வேண்டியதில்லை. சிறுநீர், சர்க்கரைப் பரிசோதனையையும் எக்ஸ்ரேயையும் கும்பகோணத்திலேயே முடிக்கலாம். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் யூராலஜி பிரிவில் காட்டி இரண்டாவது கருத்து கேட்கலாம். கருவி அட்டையில் உள்ள நிறுவனத்தை அழைத்து, புரோகிராமரோடு அவர்களுடைய ஆள் தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ வர முடியுமா என்று கேளுங்கள். போகுமுன் மூன்று நாள் நாட்குறிப்பு எழுதுங்கள்: எத்தனை மணிக்கு, எத்தனை மில்லி, அவசரம் இருந்ததா, கசிந்ததா. அளப்பதற்கு ஒரு லிட்டர் அளவுக் குவளை போதும். ஐந்தாண்டுக்கு முன் எழுதிய நாட்குறிப்பு பீரோவில் இருந்தால் அதையும், அட்டையையும், ரிமோட்டையும் ஒரே பையில் போட்டுக்கொள்ளுங்கள். ரிமோட்டை மட்டும் முதல் நாள் இரவே சார்ஜ் போட்டுவிடுங்கள். செல் போடும் வகையானால் புதுசாக ஒரு ஜோடி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.